காட்சி பார்க்க நின்றவர்கள்

எங்கள் பழைய வண்டிச் சங்கத்தில் யாருடைய வண்டியும் மலையில் கொதித்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒருவருடையதும் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சத்தியம் செய்வார்கள். பைபிளை நீட்டினால் அதன்மேலும் கை வைப்பார்கள்.

அதே இருபத்திரண்டு வருடமாக, ஜூலைப் பயணத்தில் வரிசையின் கடைசியில், லாரியில் இரண்டு பீப்பாய்த் தண்ணீரோடு வருகிறவன் நான். மலையேறும்போது பீப்பாய்கள் விளிம்புவரை நிறைந்திருக்கும். மறுபக்கம் இறங்கும்போது தட்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் வரும். தண்ணீரை மான்கள் குடித்திருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் வண்டிகள் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டுக்கும் ஐம்பத்து மூன்றுக்கும் நடுவே பிறந்தவை. உள்ளே இருப்பது தட்டைத்தலை எஞ்சின். எட்டு சிலிண்டர், மேலே தோசைக்கல் மாதிரி ஒரு மூடி. அதை யோசித்த புண்ணியவான், சூடான புகை வெளியே போவதற்கு எஞ்சினின் உடம்புக்குள்ளேயே, குளிர்விக்கும் தண்ணீருக்கு நடுவிலேயே வழி வைத்துவிட்டான். தன் வயிற்றில் தானே அடுப்பு மூட்டிக்கொண்டு ஓடுகிற எஞ்சின் அது. சமவெளியில் சமர்த்தாக ஓடும். கொலராடோ மலையில் யூரே ஊரைத் தாண்டி ரெட் மவுண்டன் கணவாய்க்கு ஏறும்போது பதின்மூன்று மைலில் மூவாயிரம் அடி. அந்த உயரத்தில் தண்ணீருக்கும் பொறுமை குறைவு, சீக்கிரம் பொங்கிவிடும். கொதிக்கத்தான் செய்யும். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு உடம்பு சுடுவது மாதிரி. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் சங்கத்துக்கு வெட்கம் உண்டு. அதனால் ஒரு வழக்கம் வந்தது. வண்டி பொங்கியதும் ஆள் ஓரமாக நிறுத்துவான். காமிராவை எடுத்துக்கொண்டு இறங்குவான். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று மலையைப் படம் எடுப்பான். பின்னால் வருகிறவர்கள் தலையைத் திருப்பாமல் கடந்து போவார்கள். கடைசியாக நான் வருவேன். அவன் வண்டிக்குப் பின்னால் லாரியை நிறுத்துவேன். எஞ்சினை ஓடவிட்டு, பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். அணைந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் இரும்பு பிளந்துவிடும். அவன் திரும்பவே மாட்டான். ஊற்றி முடித்து மட்கார்டில் ஒரு தட்டுத் தட்டுவேன். "நல்ல காட்சி, ஹார்லன்" என்பான். "ஆமா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. டெல்பர்ட் ஒரே பாறையைப் பத்தொன்பது தடவை படம் எடுத்திருக்கிறான். அந்தப் பாறைக்கு ஒரு தம்பி இருந்தால் அவன்கூட அத்தனை படம் எடுத்திருக்க மாட்டான்.

என் லாரி நாற்பத்தாறில் செய்தது, ஒன்றரை டன். நாற்பது வருடம் அதில் ஆடு ஏற்றினேன். மழை பெய்தால் இன்னும் ஆட்டு வாடை எழும்பும். அது கொதித்ததே இல்லை. என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, ரேடியேட்டர் பெரியது, நான் போகிற வேகம் சிறியது. ஏற்றத்தில் மணிக்குப் பன்னிரண்டு மைல். அந்த வேகத்தில் வரிசைக்கு நடுவே யாரும் சேர்க்க மாட்டார்கள். கடைசி இடம்தான் எனக்கு உள்ள ஒரே இடம். அது போனால் ஜூலை மாதப் பயணமே எனக்கு இல்லை. வருடத்தின் மற்ற நாட்களில் லாரி கொட்டகையில் நிற்கும். நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

இந்த ஜூலையில் அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தலைவர் வெண்டல்.

வெண்டல் ஓய்வு பெற்ற பல் டாக்டர். முப்பத்தைந்து வருடம் ஊரார் வாயைத் திறக்க வைத்தவர், தன் வாயை மூடியதில்லை. டென்வரிலிருந்து வந்து என் வீட்டைவிடப் பெரிய கொட்டகை கட்டினார். மூன்றே வருடத்தில் தலைவராகிவிட்டார். அவருடையது முப்பத்து நாலாம் வருடத்துத் திறந்த கார், பாலாடை நிறம். ஒவ்வொரு திருகாணியும் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த மாதிரியே இருக்கிறதாம். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் குச்சியோடு சட்டைப்பையில் வைத்திருப்பார். அடுத்தவன் வண்டிக்கு அடியில் அதை நீட்டி, இந்த போல்ட் அந்த வருடத்து போல்ட் இல்லையே என்பார். மேல்துணி போட்டால் அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவார். மூன்று வருடமும் அந்தக் கார் பொங்கியது. மூன்று வருடமும் நான் ஊற்றினேன்.

காலையில் யூரேயில் பெட்ரோல் போடும்போது நெல்டா என்னிடம் வந்தாள். முப்பத்தைந்தாம் வருடத்து பிக்கப் ஓட்டுகிறவள். இருபத்தேழு வருடம் இதே மலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். டாக்டர் உன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்றாள். புது பிக்கப், பின்னால் வண்டி ஏற்றுகிற டிரெய்லர், மேலே ஆரஞ்சு விளக்கு, இதெல்லாம் கணவாய்க்கு அந்தப் பக்கம் சில்வர்ட்டன் ஊரில் தயாராக நிற்கிறதாம். ஓட்ட அவர் மருமகன் கர்ட்டிஸ். மத்தியானச் சாப்பாட்டில் ஓட்டெடுப்பு.

"நீ எதாவது சொல்லப் போறியா, இல்ல எப்பவும் போல முழுங்கப் போறியா?" என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றேன்.

அன்று காலை ஏற்றத்தில் ஆறு பேர் காட்சி பார்த்தார்கள். அருவிக்குப் பக்கத்தில் டெல்பர்ட். ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்திருக்கிறான், துருப்பிடித்த வெந்நீர் பீச்சியடித்து சட்டை முழுக்கச் செங்காவி. தோல் பொசுங்காமல் தப்பியதே அதிர்ஷ்டம். அவனுக்கு நாலு காலன் தண்ணீர். அதற்கு மேலே இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பாலாடைக் கார். டாக்டர் பழைய சுரங்கத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னை நீக்கும் தீர்மானம் எழுதிய தாள் மடித்துச் சட்டைப்பையில் இருந்தது. கண்ணாடிக் குச்சிக்குப் பக்கத்தில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று காலன் ஊற்றினேன். மட்கார்டில் தட்டினேன். நல்ல காட்சி என்றார். ஆமாம் என்றேன்.

சில்வர்ட்டன் ஓட்டலில் மாவில் புரட்டிப் பொரித்த மாட்டுக்கறி, மேலே வெள்ளைக் குழம்பு. தட்டுகளை எடுத்ததும் டாக்டர் எழுந்தார். பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். காலம் மாறிவிட்டதைப் பற்றிப் பேசினார், தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய காரில் வந்து இறங்கிய மனிதர். என் சேவையைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொன்னார். செத்தவனுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு கேட்டார்:

"ஒரே ஒரு கேள்வி. இந்த வருஷம்னு இல்ல, எந்த வருஷமாவது மலையில யாருக்காச்சும் தண்ணி தேவைப்பட்டிருக்கா? தேவைப்பட்டவங்க கைய தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. டெல்பர்ட் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். அவன் சட்டையில் காலரிலிருந்து பை வரைக்கும் செங்காவி.

நெல்டா கையைத் தூக்கினாள். "எனக்கு. வருஷா வருஷம். இன்னைக்கும் ரெண்டு காலன் வாங்குனேன்."

சாப்பாட்டு மேஜையில் யாரோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் சிரித்தார். "அது வண்டியோட குத்தம் இல்ல நெல்டா. கியர் மாத்துற பழக்கத்துல இருக்கு."

"டாக்டரே, நாப்பது புள்ளைங்கள ஏத்திக்கிட்டு பனியில இதே வளைவுல இறங்குனவ நான். நீங்க வெயில்ல, கையில ஒரு காமிராவோட ஏறுறீங்க."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஓட்டெடுப்புக்குக் கை தூக்கினார்கள். பதினோரு கை புது பிக்கப்புக்கு. எதிர்த்து நெல்டா ஒருத்தி.

அந்தப் பதினோரு பேரும் ஓரக்கண்ணால் என்னைத்தான் பார்த்தார்கள். யார் எந்த வளைவில் எத்தனை காலன் குடித்தான் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனது என்று நினைக்க வேண்டாம். நான் சொன்னால் அவர்கள் பதினோரு பேரும் டாக்டரும் இல்லை என்பார்கள். பன்னிரண்டு பேருக்கு முன்னால் நான் பொய்யனாவேன். ஆண்பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து சொல்கிற பொய்யை உடைக்கக் கடவுளாலேயே முடியாது. அவரும் நெடுநாளாக முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறார்.

லாரியைச் சில்வர்ட்டனிலேயே விட்டுவிட்டு புது பிக்கப்பில் உட்கார்ந்து வரலாம், ஏசி இருக்கிறது என்றார்கள். வேண்டாம் என்றேன். கர்ட்டிஸ் தங்கமான பையன். பையன் என்ன, நாற்பத்தைந்து வயசு இருக்கும். முன்னால் போகிறீர்களா பெரியவரே என்று மரியாதையாகக் கேட்டான்.

"உனக்குப் பின்னால வர்றேன்" என்றேன். "ரோடு கொலராடோ மாநிலத்தோடது. உங்க மாமனாரோடது இல்ல."

சில்வர்ட்டனை விட்டதும் மொலாஸ் கணவாய் ஏற்றம். ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடும், மூச்சுவிட இடம் கொடுக்காது. முன்னால் பன்னிரண்டு வண்டிகளும் நெல்டாவும், பிறகு ஆரஞ்சு விளக்கு, பிறகு நான். மூன்றாவது மைலில் எல்லார் வண்டி மூக்கிலும் ஆவி. ஆனால் ஒருவனும் நிற்கவில்லை. ஏன் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. என் லாரி ஒருவன் பின்னால் நின்றால், போகிறவர்களுக்கு அது இரண்டு கிழட்டு வண்டிகள் இளைப்பாறுவதாகத் தெரியும். ஆரஞ்சு விளக்கு சுழல, சங்கிலி தொங்க, டிரெய்லர் வந்து நின்றால் அது பிணவண்டி. எதிரே வருகிற சுற்றுலாக்காரன் காரை நிறுத்திப் படம் எடுப்பான். அந்தப் படத்தில் மலை இருக்காது.

அதனால் போனார்கள். கீழேயிருந்து பார்த்தால் வளைவுக்கு வளைவு ஒரு கெட்டில். நெல்டா மட்டும் ஓர் அகலமான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் மேல்மூடியைத் தூக்கி வைத்து, வண்டிப் படியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றாள். காலையில் என்னிடம் ஒரு தகரம் நிறைய வாங்கி வைத்திருந்தாள். கர்ட்டிஸையும் என்னையும் கையசைத்துப் போகச் சொன்னாள்.

உச்சிக்கு ஒரு மைல் கீழே பாலாடைக் கார் செத்தது. தலைவர் என்பதால் முதலில் போக வேண்டும், முதலில் போவதால் வேகமாகப் போக வேண்டும். அதன் பலன். மற்றவர்கள் வழக்கப்படி தலையைத் திருப்பாமல் கடந்தார்கள். உச்சியைத் தொட்டு, எஞ்சினை அணைத்து, மறுபக்கம் உருண்டு இறங்கித் தப்பித்தார்கள்.

நான் வளைவு திரும்பும்போது கர்ட்டிஸ் அவரிடம் நின்றுகொண்டிருந்தான். வழக்கம் தெரியாதவன். டிரெய்லரில் ஏற்றட்டுமா மாமா என்று கேட்டிருக்கிறான்.

"எதுக்கு? நான் காட்சி பாக்குறேன்" என்றார் டாக்டர்.

"ஆவி வருதே மாமா."

"அது மூடுபனி. நீ போ, முன்னால யாருக்காச்சும் தேவைப்படும்."

ஜூலை மாதம், மத்தியானம் ஒன்றரை மணி. கர்ட்டிஸ் மூடுபனியைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். பெண் கொடுத்தவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, ஏறிப் போய்விட்டான். டிரெய்லர் வேண்டும் என்று சங்கத்தையே கூட்டித் தீர்மானம் போட்டவர், போட்டு ஒன்றரை மணி நேரத்தில் அதைக் கையசைத்து அனுப்பிவிட்டார்.

நான் அவர் காருக்குப் பின்னால் நிறுத்தினேன். இறங்கவில்லை. அவர் எனக்கு முதுகைக் காட்டி மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மட்கார்டில் தட்டு விழும் என்று காத்திருந்தார். பத்து நிமிடம் ஆகியும் விழவில்லை. திரும்பினார். மெதுவாக என் ஜன்னலுக்கு வந்தார்.

"நல்ல காட்சி, ஹார்லன்."

"ஆமா டாக்டரே."

"கொஞ்ச நேரம் நிக்கலாம்னு இருக்கேன்."

"நில்லுங்க."

பின்னால் எட்டிப் பார்த்தார். "பீப்பாயில என்ன, தண்ணியா?" மூன்று வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்த காரின் சொந்தக்காரர் கேட்கிறார்.

"யாருக்கும் தேவைப்படாத தண்ணி" என்றேன்.

போய்த் தன் காரில் உட்கார்ந்தார். அந்த மலையில் ஜூலை மத்தியானத்துக்கு ஒரு குணம் உண்டு. மேற்கே ஒரு கறுப்பு மேகம் எட்டிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தலைமேல் இருக்கும். முதலில் இடி. அப்புறம் ஆலங்கட்டி, கோலிக்குண்டு அளவு. அழகுக்காக வீட்டில் விட்டுவந்த மேல்துணி இப்போது அவர் வீட்டில் நனையாமல் இருந்திருக்கும். கோட்டைக் கழற்றித் தோல் இருக்கையின்மேல் போர்த்தினார். தன் தலையில் காமிராப் பையை வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் தாங்கினார். பிறகு ஓடிவந்து என் லாரியில் ஏறினார். ஈரம் பட்டதும் இருக்கையிலிருந்து ஆட்டு வாடை எழும்பியது.

கூரையில் கல் சடசடத்தது. மழை விட்டதும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றார். கிடைக்கும், உங்கள் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். சூடு சற்று ஏறியிருக்கலாம் என்றார். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தேன். தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கலாம் என்றார். நான் வெளியே பார்த்தேன். இந்தக் காலத்து பெட்ரோல் சரியில்லை என்றார்.

"வாய நல்லாத் தொறங்க டாக்டரே" என்றேன். "இன்னும் கொஞ்சம் அகலமா. வலிக்காது."

என்னை முறைத்தார். அப்புறம் மடியைப் பார்த்துக்கொண்டு, "கொதிச்சிருச்சு" என்றார்.

"எத்தன வருஷமா?"

"மூணு வருஷமும்."

இதை இன்று சாயங்காலம், பயணம் முடிகிற டுரங்கோ ஊர் விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், கொதித்தது என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும், என் இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றேன். சொல்கிறேன், தருகிறேன் என்று கையை நீட்டினார். யாரையும் நம்பாதவன் நான். பேங்க்காரனை நம்பியதில்லை, பாதிரியை நம்பியதில்லை, வானிலைச் செய்தியை நம்பியதில்லை. அந்தக் கையை மட்டும் பிடித்துக் குலுக்கினேன். நனைந்த மனிதனைப் பார்த்தால் யோக்கியன் மாதிரித் தெரிகிறது.

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. ஐந்து காலன் குடித்தது. அவர் முன்னால் போனார், நான் பின்னால் வந்தேன்.

விருந்து ஆறு மணிக்கு, வெயில் தாழும் முன்பே. எல்லாரும் குளித்துச் சட்டை மாற்றியிருந்தார்கள். எல்லார் வண்டிகளும் சொட்டுத் தண்ணீர் கேட்காமல் மொலாஸைத் தாண்டியிருந்தன. இறைச்சி வரும் முன் டாக்டர் எழுந்து, கத்தியால் கோப்பையைத் தட்டினார்.

"ஒரு விஷயம் சொல்லணும். சங்கத்துல இது வரைக்கும் யாரும் சொல்லாத விஷயம். இன்னைக்கு மொலாஸ்ல ஒரு வண்டி கொதிச்சிருச்சு."

கரண்டிகள் நின்றன. அவர் நிலையை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது, தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நம்ம ஹார்லனோட வண்டி" என்றார்.

நிமிர்ந்தேன். அவர் என்னைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆலங்கட்டி மழை வேற. அவர தனியா விட எனக்கு மனசு வரல. அவரு லாரியிலயே கூட ஒக்காந்திருந்தேன். வயசான வண்டி, வயசான மனுஷன். அதனால மத்தியானம் எடுத்த முடிவ மாத்தணும்னு கேட்டுக்கறேன். அவரு எப்பவும் போல கடைசியிலயே வரட்டும். பீப்பாயையும் கொண்டு வரட்டும். அவருக்குத் தண்ணி தேவைப்படுது."

கைதட்டினார்கள். டிரெய்லரை ஒழித்துக்கட்ட வழி கிடைத்த சந்தோஷம் அந்தக் கைதட்டலில் இருந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். டாக்டர் கொடுத்த வாக்கில் எழுத்துப் பிசகவில்லை. கொதித்தது என்ற வார்த்தையை எல்லார் முன்னாலும் சொன்னார். என் இடத்தைத் திருப்பித் தந்தார். என்னிடம் குலுக்கிய கையில் குற்றமே சொல்ல முடியாது.

"சரிதான ஹார்லன்?" என்றார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நாற்பது வருடம், பனியில், சேற்றில், முப்பது ஆட்டை ஏற்றிக்கொண்டு அந்தக் கணவாயைத் தாண்டிய வண்டி அது. ஒரு தடவைகூட மூடி சூடாகி விசில் அடித்ததில்லை. இல்லை என்று சொன்னால் மரியாதை மிஞ்சும். மறுபடி ஓட்டெடுப்பு, மறுபடி பதினோரு கை, ஜூலை முடிந்தது. நெல்டா மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்திருந்தாள்.

"ஆமா" என்றேன். "கொதிச்சிருச்சு."

மேஜையைச் சுற்றி ஒரு நிம்மதி பரவியது. டெல்பர்ட் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். இதிலெல்லாம் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றான். ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டு, கால் திருகு மட்டும் திருக வேண்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். இன்னொருவன் விசிறிப் பட்டையைப் பார்க்கச் சொன்னான். மற்றொருவன் பெட்ரோல் குழாயில் துணி காயப்போடும் மரக்கிளிப்புகளை வரிசையாக மாட்டச் சொன்னான், சூட்டை உறிஞ்சுமாம், எட்டு மாட்டினால் போதாதாம், பன்னிரண்டு வேண்டுமாம். ஒரு தடவைகூடக் கொதிக்காத வண்டிக்காரர்கள், கொதிப்பைப் பற்றி இத்தனை தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் வேறு பேச்சே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் அவர்கள் அவ்வளவு பேசியதில்லை.

கடைசியில் டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். காகிதக் கைக்குட்டையில் எஞ்சினின் படம் வரைந்து, தண்ணீரை எப்படி ஊற்ற வேண்டும் என்று எனக்கு விளக்கினார். எஞ்சினை ஓடவிட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், அவசரப்படக் கூடாது.

சரியாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.